பூண்டுத் திருவிழாவில் யாரும் கை தூக்கவில்லை

அன்புள்ள இன்ஜேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் இடுப்பைத் தவிர. அது பூண்டு பிடுங்கும் மாதத்தில் முறுக்கிக்கொள்ளும், பிடுங்கி முடித்ததும் தானாகச் சரியாகும், உனக்குத் தெரியாததா. நார்வேயில் நீயும் குளிருக்கு ஏற்றபடி உடுத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் கப்பல் பட்டறையில் கைகால் பத்திரமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்கிறார் அப்பா, எனக்குச் சாப்பாடுதான் சரியில்லை என்று படுகிறது. இதோடு அனுப்பும் பெட்டியில் மிளகாய்த்தூளும் காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் வைத்திருக்கிறேன், மிளகாய்த்தூளைக் குளிர்பெட்டியில் வை, இல்லாவிட்டால் பூச்சி விழும். உன் தங்கை ஹேஜு உன்னிடம் போனில் அழுதாளாம், நீ என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா நடந்துச்சு, அவ சொன்னதுல பாதி புரியல" என்று கேட்டாய், நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. உன் தங்கை என்னைத் திருவிழாவுக்கு வர வேண்டாம் என்று சொன்னதையும் அதற்கப்புறம் நடந்ததையும் அரைகுறையாகக் கேட்டால் நீ யார் மேலாவது பாய்வாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். கோபப்படுவதானால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

அவள் அந்த ஹனிபெல் பாட்டுக் குழுவில் சேர்ந்து நாலு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் வரும் பாட்டு நிகழ்ச்சியை நான் ஒன்றுவிடாமல் பார்த்து வருகிறேன், அவள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி. வந்தது கொஞ்சம்தான், அதிலும் நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள் முகம் போய்விடும். இந்த நாட்டுக்கு நான் வந்து நீ பிறந்து வளர்ந்து வேலைக்கே போய்விட்டாய், ஆனால் இந்தப் பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்கும்போது மட்டும் நேற்று விமானத்தில் வந்து இறங்கியவள் மாதிரி முழிக்கிறேன். பேர் தெரியாதவர்களை முதலில் பாட விடுகிறார்கள், பேர் பெற்றவர்கள் கடைசியில் வருகிறார்கள், முடிவில் எல்லாரையும் மேடையில் வரிசையாக நிறுத்தி ஒருவருக்குக் கோப்பை தருகிறார்கள், அவர் அழுதுகொண்டே மறுபடி பாட, தோற்றவர்கள் பின்னால் நின்று கை தட்டுகிறார்கள். தோற்றவனை வீட்டுக்குப் போக விடுவதுதானே மரியாதை. பாட்டு முடிந்ததும் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போய் அந்தப் பிள்ளை மூச்சு வாங்குவதைக் காட்டுகிறது. நாள் முழுதும் பூண்டு பிடுங்கிவிட்டு நான்கூட அப்படித்தான் மூச்சு வாங்குகிறேன், என்னை ஒருவரும் படம் பிடித்ததில்லை. எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை அந்தக் கத்தல். பாட்டு ஆரம்பிக்கும்போது ரசிகர்கள் குழுவில் உள்ளவர்களின் முழுப் பெயரையும் வயது வரிசைப்படி கத்துகிறார்கள், எந்த வரியில் கத்த வேண்டும் எந்த வரியில் வாயை மூட வேண்டும் என்று கம்பெனியே முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கிறது. நான் பிறந்த போஹோல் தீவில் ஒருவர் பாடும்போது நடுவில் கத்தினால் மைக்காலேயே மண்டையில் போடுவார்கள். இங்கே கத்தாவிட்டால்தான் பாடுகிறவர்களின் முகம் வாடுகிறது. "பெத்தவங்க வெச்ச பேரை நாலு பேரு சத்தமாச் சொல்றாங்கல்ல, கேட்க நல்லாத்தான் இருக்கு" என்று உன் அப்பா ஒருநாள் சொன்னார், அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்கு ஆச்சரியம்.

இந்த வருடம் நம் யுன்சான் வட்டத்துப் பூண்டுத் திருவிழாவுக்கு ஹனிபெல்லைக் கூப்பிட்டிருந்தார்கள். டி.வி.க்காரர்களும் வரப்போவதாகப் பேச்சு, அந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் பாடகர்களின் சொந்த ஊரைக் காட்டும் ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள், அதற்கு. கம்பெனியில் ஹேஜுவிடம், இது நன்றாக அமைந்தால் குழு நிலைக்கும், இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு கலைத்துவிடுவோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் துணிப் பதாகை கட்டினார்கள், அதில் உன் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்திலேயே கையும் காலும் முளைத்த பூண்டு பொம்மையும் சிரித்துக்கொண்டிருந்தது. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் போன் பண்ணினாள். குரலே சரியில்லை. "அம்மா, திட்டாத. இந்த வாட்டி மட்டும் நீ விழாவுக்கு வராம இருந்துக்கோ" என்றாள். ஏன், நான் வந்தால் கேமரா வெடித்துவிடுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "தென்கடலோரத்துப் பொண்ணு, பூண்டு வயல்ல வளந்தவன்னுதான் என்னைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க, உன்னைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. இப்பப் போய் நீ மேடையில ஏறுனா, வெளிநாட்டு அம்மாவை இத்தன நாளா ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாங்களாம். மேனேஜர் உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. ஒரே ஒரு நாளும்மா" என்றாள்.

நம் பக்கத்துத் திருவிழாவில் உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி மேடையேறினால் தொகுப்பாளர் அவள் வீட்டாரையும் மேலே ஏற்றி, பூண்டு மூட்டை ஒன்றைத் தோளில் வைத்து ஆடவிடாமல் அனுப்ப மாட்டார், உனக்குத் தெரியும். அதைத்தான் கம்பெனி பயந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வலித்தது இன்ஜே, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் மேல் கோபமும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உங்கள் இருவரையும் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நீ எவனையாவது அடித்துவிட்டு வருவாய், அவள் சிரித்துவிட்டு வருவாள், சிரிக்கத் தெரிந்தவளைத்தான் டி.வி.க்குப் பிடித்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் எப்படிப் போகாமல் இருப்பது? நம் கொம்கே கிராமத்துப் பெண்கள் சங்கத்துக்கு விழாவில் கடை உண்டு, வெங்காயத்தாள் அடையும் அரிசிக் கள்ளும் விற்கிறோம், அடையைத் திருப்பிப் போடுவது நான்தான், வேறு யார் கையிலாவது கரண்டியைக் கொடுத்தால் நடு மாவாகவே இருக்கும் என்று சங்கத் தலைவி கும்சுன் பெரியம்மாவே சொல்லுவார். சரி, கடை ஓரமாகத்தானே இருக்கிறது, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்தபடி சுட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று முடிவு செய்தேன். கேமராவுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியுமே. ஹேஜு மேடையேறியதும் நம்மூர் ஆட்கள் சும்மா இருப்பார்களா, "அதோ அவ அம்மா, அடுப்புக்குப் பின்னால" என்று ஆளாளுக்குக் கை காட்டுவார்கள். அதைத் தடுக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. நீ கப்பல் ஏறிய பிறகு அப்பா ஊர்த்தலைவர் ஆனதும், ஒலிபெருக்கி அறிவிப்பை நான் வாசிக்க ஆரம்பித்ததும் உனக்குத் தெரியும். அவர் வாசித்தால் வாய்க்குள்ளேயே முனகுவார், ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்து என்ன சொன்னார் என்று கேட்பார்கள். நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிப்பதால் வெளிநாட்டுக்காரி பேசுவதுதான் காதில் விழுகிறது என்று எல்லாரும் சொல்லி அந்த வேலையே என் தலையில் விழுந்தது. விழாவன்று காலையில் வழக்கம்போல அறிவிப்பு வாசித்தேன். பூச்சிமருந்து வேண்டுபவர்கள் கூட்டுறவுக் கிடங்குக்கு வரலாம், விழாவுக்குப் போகும் பேருந்து ஊர் மண்டபத்தில் நிற்கும், இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியில், இன்று ஹேஜு மேடையில் பாடும்போது யாராவது கேட்டால் அவள் வீட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், இது அவள் வேலைக்காக, தயவுசெய்து என்றேன். இரண்டு தடவை வாசிப்பது வழக்கம், அதையும் இரண்டு தடவை வாசித்தேன். ஒலிபெருக்கி குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் கேட்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. கும்சுன் பெரியம்மா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்து, "என்ன இன்ஜே அம்மா இது, நான் குளிப்பாட்டி விட்ட பொண்ணை நான் எப்படித் தெரியாதுன்னு சொல்லுவேன்?" என்று சண்டைக்கு நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு, "உன் வாயால கேக்குற, நான் என்ன செய்ய. சரி, நான் பாத்துக்கறேன், ஒரு பய வாயத் தெறக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு வீடு வீடாகக் கிளம்பினார். அவர் ஒரு காரியத்தை எடுத்தால் எப்படி என்று உனக்கே தெரியும்.

விழாத் திடலில் நல்ல கூட்டம், டி.வி.க்காரர்களும் வந்திருந்தார்கள். வட்டத் தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பூண்டு உரிக்கும் போட்டி நடந்தது, அதில் நம்மூருக்கு இரண்டாம் பரிசு, முதல் பரிசு வாங்கியவள் நகத்தை முந்தின நாளே தீட்டி வைத்திருந்தாள் என்று கும்சுன் பெரியம்மா இன்றுவரை புலம்புகிறார். அப்புறம் பளபளக்கும் கோட்டு போட்ட ட்ராட் என்கிற பழங்காலப் பாட்டுப் பாடகர் வந்தார், அவர் வாயைத் திறந்ததும் கிழவர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து கையை ஆட்டினார்கள், அவர் கீழே இறங்கி எல்லார் கையையும் பிடித்துவிட்டுப் போனார். அடுத்தது ஹனிபெல். ஐந்து பெண்களும் வெள்ளை உடையில் ஓடி வந்து நின்றார்கள். இந்த மாதிரி இடத்தில் அவர்கள் பாடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும், டி.வி.யில் விளக்கும் புகையும் இருக்கிறது, இங்கே பட்டப்பகல், பின்னால் டிராக்டர் கண்காட்சி. சியோலிலிருந்து பேருந்தில் வந்த ஏழெட்டு ரசிகர்கள் முன்வரிசையில் விளக்குக் கோல்களை ஆட்டிப் பெயர்களைக் கத்தினார்கள், சத்தம் திடலின் பாதிக்குக்கூட வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பரீட்சையில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். நான் குனிந்து அடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் பெயர் வரும் இடம் எனக்குத் தெரியும், வரிசையில் நாலாவது, பக் ஹேஜு. அந்த இடத்தில் என் வாயும் தானாக அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

பாட்டு முடிந்தது. தொகுப்பாளர் பக்கத்து நகரத்து ஆள், எல்லாத் திருவிழாவுக்கும் அவர்தான், நம்மூர் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும். மேனேஜர் அவரிடம் ஏதோ சொல்லித்தான் வைத்திருந்தாராம், மைக் கையில் வந்ததும் பழக்கம் விடவில்லை. "இந்தக் கொழந்தைகள்ல ஒண்ணு நம்ம யுன்சான் பொண்ணாமே! எந்த ஊருப் பொண்ணுங்க? அந்த ஊருக்காரங்க எல்லாம் கையத் தூக்குங்க பாப்போம்!" என்று கூவினார். ஒரு கைகூட எழவில்லை. குன்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் அசையவில்லை. ஊர் மண்டபத்தில் எப்போதும் சீட்டாடுவாரே சோ தாத்தா, அவருக்குக் காது மந்தம், காலையில் அறிவிப்பு சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, பாதிக் கையைத் தூக்கினார், அவர் வீட்டுப் பாட்டி அதைப் பிடித்து இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தொகுப்பாளர் சிரித்தார். "என்னங்க இது, வானத்துலேருந்து குதிச்சாளா? யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கி வந்து, நேராக கும்சுன் பெரியம்மாவின் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டி, "அம்மா, நீங்க சொல்லுங்க, இந்தப் பொண்ணைத் தெரியுமா?" என்றார். பெரியம்மா ஹேஜுவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "தெரியாதுங்க. நான் இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல" என்றார். அந்த வார்த்தை எல்லா ஒலிபெருக்கியிலும் வந்தது.

ஹேஜு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தாலும் சிரிக்கப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா, முகவாய் ஆட ஆரம்பித்துவிட்டது. அவள் திடல் முழுக்கப் பார்த்தாள், அவள் பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள் வரிசை வரிசையாகக் குனிந்திருந்தன, ஒருவர் காலணியைப் பார்த்தார், ஒருவர் ஆகாயத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. என்னை மறைக்கச் சொன்னாள், நான் அவள் ஊரையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன். கையைத் தூக்கலாமா என்று கரண்டியோடு கை பாதி வரைக்கும் போனது, தூக்கினால் குழுவே கலைந்துவிடுமே என்று இறங்கியது. தொகுப்பாளரும் ஏதோ தப்பு நடக்கிறது என்று புரிந்துகொண்டு அடுத்த பாட்டுக்குக் கை காட்டப் போனார். அதற்குள் ஹேஜு மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். "நான் கொம்கே பொண்ணு. பெரியம்மா பொய் சொல்றாங்க, நான் பாதி நாள் அவங்க வீட்டுலதான் சாப்பிட்டேன். இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். எங்கம்மா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. அம்மாகிட்ட அப்படிச் சொன்னது நான்தான். விழாவுக்கே வராதன்னு சொன்னேன்" என்றாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது, மூக்கு ஒழுகியது, துடைக்கவும் இல்லை. "எங்கம்மா பேரு ரொவேனா. போஹோல் தீவுல பொறந்தவங்க. அதோ, அடை சுட்டுக்கிட்டிருக்காங்க" என்று கையை நேராக என் பக்கம் நீட்டினாள்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் இல்லாமல் எழுதுகிறேன், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டேன், மேலே அடை தீய்ந்துகொண்டிருந்தது. கும்சுன் பெரியம்மா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "இன்ஜே அம்மா, எந்திரி! அதான் சொல்லிட்டாள்ல!" என்று கத்திவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். நான் எட்டிப் பார்த்தபோது திடலில் எல்லாக் கையும் மேலே இருந்தது, நம்மூர்க் கை, பக்கத்து ஊர்க் கை, சோ தாத்தாவின் கை, சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்களின் கைகூட. "எங்க ஊருப் பொண்ணு!" என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்பா வண்டி நிறுத்துமிடத்தில் சிவப்பு விளக்குக் கோலோடு நின்றவர், கார்களை அப்படியே விட்டுவிட்டு வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "போ" என்றார். அவருடைய சிவப்புக் கோல் என் கைக்கு வந்துவிட்டது, அதை எப்போது கொடுத்தார் என்று எனக்கு நினைவில்லை, அதையும் பிடித்துக்கொண்டே மேடை ஏறினேன்.

மேடையில் அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்றாள், என் மேலெல்லாம் எண்ணெய் வாடை, அவளுடைய வெள்ளை உடையில் மாவு ஒட்டிக்கொண்டது. சரி விடு, அழாதே, மை கரைகிறது என்றேன், அந்த நேரத்தில் வேறென்ன சொல்லத் தோன்றும். தொகுப்பாளர் பூண்டு மூட்டையைத் தோளில் ஏற்றினார், ஆடச் சொன்னார், ஆடினேன். பாடச் சொன்னார், நான் பாட வரவில்லை, என் பெண் பாடுவதைக் கேட்கத்தான் வந்தேன் என்று சொல்லிக் கீழே இறங்கி முன்வரிசையில் அந்த ரசிகர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. பெயர் கத்தும் இடம் எல்லாமும் எனக்கு மனப்பாடம், ஐந்து பேர் பெயரையும் வரிசையாகக் கத்தினேன், என் பெண்ணுடையதை மட்டும் அல்ல, மற்ற நாலு பேரின் அம்மாக்கள் அங்கே இல்லையே. ஊருக்கு என் குரல் பழக்கம், காலை எழுந்தால் அதைத்தான் கேட்கிறார்கள், நான் ஒரு பெயரைச் சொல்ல பின்னால் திடல் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. சியோல் பெண் ஒருத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளுக்கு என்ன கஷ்டமோ. வெளியிலிருந்து பார்த்து இத்தனை வருடம் நான் சிரித்த கத்தல் அது. உள்ளே நின்று கத்திப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி முதலாளி அன்றே மேனேஜரைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினாராம். யாரோ எடுத்த வீடியோ ஊர் உலகமெல்லாம் சுற்ற ஆரம்பித்ததும் மறுபடி கூப்பிட்டு, இந்த யோசனை தனக்கு முன்னாலேயே இருந்தது என்று சொன்னாராம். நல்லதாக எழுதியவர்கள் நிறைய, மோசமாக எழுதியவர்களும் உண்டு. ஹேஜு எனக்குக் காட்ட மாட்டேன் என்றாள், நானே தேடிப் படித்தேன். ஒருவன் நான் கறுப்பாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். வெயிலில் பூண்டு பிடுங்குகிறவள் வேறெப்படி இருப்பாள். இன்னொருத்தி இவ்வளவு நாள் மறைத்தவளை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறாள், அதைப் படித்துத்தான் ஹேஜு உன்னிடம் அழுதிருக்கிறாள். நீ அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசு, பழசைக் கிளறாதே, ஏன் சொன்னாய் எதற்குச் சொன்னாய் என்று விசாரணை வைக்காதே. சின்னப் பெண், பயந்துபோய் ஒரு வார்த்தை சொன்னாள், தானாகவே திருப்பி எடுத்துக்கொண்டாள், அத்தனை பேருக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள். எனக்கு அது போதும். குழு கலையுமா நிற்குமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கலைந்தால் வீட்டுக்கு வரட்டும், அடுத்த பூண்டுக்கு ஆள் வேண்டும் என்று அப்பா சொல்கிறார், அவர் சொல்வது விளையாட்டா நிஜமா என்று எனக்கே தெரியாது.

வருகிற வெள்ளிக்கிழமை டி.வி. பாட்டு நிகழ்ச்சியில் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது, வழக்கம்போல ஆரம்பத்திலேயேதான், ஆனாலும் முழுப் பாட்டு. அரங்கத்துக்குள் வந்து ரசிகர்களோடு உட்காரச் சொல்லி ஹேஜு என்னைக் கூப்பிட்டாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கேமராவில் படாதபடி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், என்னிடம் ஒரு சாம்பல் நிறச் சட்டை இருக்கிறது, அதில் ஒருவருக்கும் தெரியமாட்டேன் என்றேன். அவள் அந்தச் சட்டையா என்று கேட்டாள். பிறகு, "அது வேணாம்மா. மேடையில நிக்கும்போது விளக்கு கண்ணுல அடிக்கும், கீழ யாரையும் தெரியாது. பளிச்சுன்னு ஏதாவது போட்டுக்கிட்டு வா. நீ எங்க உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

கும்சுன் பெரியம்மாவிடம் சிவப்புச் சட்டை இரவல் வாங்கியிருக்கிறேன். உனக்கு நேரம் கிடைத்தால் அன்று பார், கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சாப்பிடாமல் மட்டும் இருக்காதே. வேலையிடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாதே, தங்கைக்கு மறக்காமல் போன் பண்ணு. மாதா உன் போக்குவரத்துக்கெல்லாம் துணையிருக்கட்டும், நீ நல்ல உடம்போடு, நாலு நல்ல மனிதர்களுக்கு நடுவில் நன்றாக வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா ரொவேனா,
கொம்கே கிராமம்.